குடும்ப வரலாற்றை முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருப்பவர்களுக்கு

குடும்ப வரலாறு தேடுகிற யாரிடமாவது "எல்லாருக்கும் எப்போது காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அம்மா வழியில் ஒரு தலைமுறை மட்டும் கிடைத்துவிட்டால் முடித்துவிடலாம்" என்பார்கள். அந்தத் தலைமுறை கிடைத்ததும் அதற்கு மேலே இரண்டு பேர் கேள்விக்குறியோடு நிற்பார்கள். இது முடிகிற வேலையே இல்லை, கணக்கே அப்படி. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அவர்களைப் பெற்றவர்கள் 8, இப்படியே பத்துத் தலைமுறை பின்னால் போனால் அந்த ஒரு படியில் மட்டும் 1024 இடங்கள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார், ஆட்கள் குறைவார்கள், ஆனால் நிரப்ப வேண்டிய இடங்கள் குறையாது. ஆகவே முடித்துவிட்டுத்தான் பகிர்வேன் என்று ஒருவர் சொன்னால், பகிரப் போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அரைகுறையாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் அப்படிக் கொடுப்பதற்கு, நீங்கள் பக்கத்தில் இல்லாமலே இன்னொருவர் திறந்து பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி அது இருக்க வேண்டும். முதலில் அடுக்கிக்கொள்வோம், பகிர்வதை அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொள்வதால்தான் இரண்டுமே நடப்பதில்லை. நமக்காக மட்டும் அடுக்கும்போது பாதி விஷயம் நம் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, "இது எந்தப் பெட்டியில் இருந்தது என்று எனக்குத் தெரியுமே" என்கிற தைரியம்தான் காரணம்.

ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். இந்தத் தேடலில் துளியும் ஆர்வம் இல்லாத ஒரு சொந்தக்காரரிடம் உங்கள் ஃபோல்டரைக் கொடுத்து, பாட்டியின் கல்யாணப் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு ஃபோன்கூடப் போடாமல் அவர் எடுத்துவிட்டால் அடுக்கு சரி. "ஸ்கேன்_0047", "புதியது_கடைசி_2" என்றெல்லாம் ஃபைல்கள் இருந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் எனக்குப் பிடித்த முறை, வருடத்தை முதலில் போடுவது. வருடம், மாதம், தேதி, அப்புறம் என்ன ஆவணம், யாருடையது. 1938-06-00 என்று தொடங்கினால் 1938 ஜூன், தேதி தெரியாது என்று அர்த்தம். இப்படி வைத்தால் கம்ப்யூட்டரே காலவரிசைப்படி அடுக்கிக் கொடுத்துவிடும். ஃபோல்டர்களை ஆவண வகைப்படி, அதாவது பிறப்பு ஒரு பக்கம், இறப்பு ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம் என்று பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. ஒரு தம்பதிக்கு ஒரு ஃபோல்டர், அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய காகிதங்கள் அவரவர் பெற்றோரின் ஃபோல்டரில் என்று வைத்தால், பார்க்கிறவருக்கு ஒரு குடும்பத்தின் கதை ஒரே இடத்தில் கிடைக்கும். எந்த முறையாக இருந்தாலும் சரி, ஒரு முறைதான் இருக்க வேண்டும், அதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லா ஃபோல்டருக்கும் மேலே வைத்துவிட வேண்டும்.

பெயர் எழுதுவதில் நம்மில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உறவுமுறை. பழைய ஃபோட்டோவைத் திருப்பினால் "பெரியப்பாவும் சித்தியும்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். யாருடைய பெரியப்பா? எழுதியவர் யார் என்று தெரிந்தால்தான் பெரியப்பா யார் என்று தெரியும். கையெழுத்தை வைத்து அது அம்மா எழுதியதா அத்தை எழுதியதா என்று இன்றைக்குச் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருப்பார்கள், இன்னும் இருபது வருடம் கழித்து இருக்க மாட்டார்கள். நாமும் இப்போது ஃபைலுக்குத் "தாத்தாவின் கடிதம்" என்று பெயர் வைத்து அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். நம் தாத்தா நம் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, நம் அப்பாவுக்கு அப்பா, பாட்டியின் தம்பிக்கு மாமா மட்டுமே. ஆகவே உறவுமுறை எழுதாதீர்கள், பெயர் எழுதுங்கள். பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் எதுவோ அதையே எழுதுங்கள். வம்சாவளி ஆய்வில் பொதுவாக அதுதான் வழக்கம், காரணமும் எளிது: கல்யாணத்துக்குப் பின் வந்த பெயரை மட்டும் வைத்திருந்தால் அவருடைய பெற்றோரைத் தேடுகிற கதவு மூடிவிடும். ஒரே ஆளின் பெயர் நாலு ஆவணத்தில் நாலு எழுத்துக்கூட்டலில் இருந்தால், தலைப்புக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை ஆவணத்தில் உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

ஃபோட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஃபோட்டோவாக இருந்தால் ஸ்கேனின் நுணுக்க அளவை 600 டிபிஐ என்று வைத்து எடுத்து, தரம் குறையாத டிஃப் வடிவத்தில் ஒரு மூலப்பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜேபெக் வடிவத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். அசல் ஃபோட்டோவில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் பின்னால் ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் விழச் செய்யும், மை ஊறவும் செய்யும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைப் பிரித்து எடுக்க வழியில்லை.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். குடும்ப மரத்தில் பெயர் சேர்ப்பது சுகமான வேலை, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் ஆதாரம் எழுதாத மரத்தை வாங்குகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியிருக்கும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அதனால்தான் ஒரே தவறான பிறந்த வருடம் இணையத்தில் ஏகப்பட்ட மரங்களில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் சொல்கிறார்களே என்று தோன்றும், பார்த்தால் எல்லாரும் ஒருவரிடமிருந்தே நகலெடுத்திருப்பார்கள்.

ஒரு இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறந்த தேதியும் இருக்கும், வயதோ பிறந்த தேதியோ, பெற்றோர் பெயரோகூட இருக்கலாம். முத்திரை குத்திய ஒரே தாள், ஆனால் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு இல்லை. இறந்த தேதி, அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லி உடனே பதிவானது. பிறந்த தேதி எண்பது வருடத்துக்கு முன் நடந்த விஷயம், அதைச் சொன்னவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார், அந்தப் பிறப்பின்போது அவர் உலகத்திலேயே இல்லை. ஆகவே "இறப்புச் சான்றிதழில் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது, தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு ஆவணம் இரண்டு தேதி சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் ஒன்றை நம்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். சில சமயம் இரண்டுமே சரியாக இருக்கும்: பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752-இல்தான் இன்றைக்கு நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறின, ரஷ்யா 1918-இல், அதனால் பழைய பதிவுகளில் பத்து முதல் பதின்மூன்று நாள் வரை வித்தியாசம் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1752 வரைக்கும் சட்டப்படி புதுவருடமே மார்ச் 25 அன்றுதான் பிறந்தது, அதனால் ஒரு பிப்ரவரி மாதக் குழந்தை பழைய பதிவேட்டில் நாம் நினைப்பதற்கு முந்தைய வருடத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்று வழங்கும் வாரியம் ஒன்று 1964 முதல் இருக்கிறது. ஒரு முடிவை நிரூபணமாக ஏற்க அவர்கள் ஐந்து நிபந்தனை வைக்கிறார்கள்: முடிந்த அளவு முழுமையாகத் தேடியிருக்க வேண்டும், ஆதாரங்களை முழுமையாகக் குறிப்பிட வேண்டும், கிடைத்ததை ஒப்பிட்டு அலச வேண்டும், முரண்பாடுகளைத் தீர்க்க வேண்டும், கடைசியாக முடிவைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். நம் மாதிரி வீட்டில் உட்கார்ந்து தேடுகிறவர்கள் முதல் நான்கைக்கூட ஓரளவு செய்துவிடுகிறோம், ஐந்தாவதில்தான் கோட்டை விடுகிறோம். மரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால் வேலை முடிந்ததாகிவிடுகிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருந்தது என்று வேறு யாருக்கும் தெரியாது. கூடவே, தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள். இந்த ஆவணக் காப்பகத்தில் இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை பார்த்தேன், இல்லை என்ற ஒரு வரி, அடுத்து வருகிறவருக்கு ஒரு பயணத்தையே மிச்சப்படுத்தும்.

மரத்தில் உள்ளவர்களுக்கு எண் போடும் முறைகள் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. முன்னோர்களை மட்டும் எண்ணுவதற்கு ஆனன்டாஃபெல் என்று ஒரு முறை உண்டு, ஐட்சிங்கர் என்பவர் 1590-இலேயே அதை அச்சில் பயன்படுத்தியிருக்கிறார். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 13 என்று பார்த்ததுமே 6-இன் அம்மா, 6 என்பவர் 3-இன் அப்பா, ஆக அம்மாவின் அப்பாவைப் பெற்றவர் என்று விரலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஃபோல்டருக்கு முன்னால் போட அருமையான எண். ஆனால் அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு இதில் இடமே கிடையாது, குடும்பத்தில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஒரு மூதாதையிலிருந்து கீழ்நோக்கி வருவதானால் 1, 1.1, 1.1.2 என்று போகிற முறைதான் வசதி.

மென்பொருளில் எதை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? ஜெட்காம் என்கிற ஃபைல் வடிவம் அதற்காகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவ சபை 1984-இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா வம்சாவளி மென்பொருளும் அதைப் படிக்கும், எழுதும். வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்தாலே வரி வரியாகப் பெயரும் தேதியும் தெரியும். இரண்டு விஷயத்தில் உஷாராக இருங்கள். முதலாவது, வழக்கமான ஜெட்காம் ஃபைலுக்குள் ஃபோட்டோக்கள் இருக்காது, அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அந்த ஒரு ஃபைலை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் படமெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். இரண்டாவது எழுத்துக் குறியாக்கச் சிக்கல். பழைய மென்பொருள்கள், எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோடு இல்லாத குறியாக்கத்தில் ஏற்றுமதி செய்யும்போது தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். 2021-இல் வந்த ஜெட்காம் 7 யூனிகோடு வகையான யூடிஎஃப்-8 தவிர வேறெதையும் ஏற்பதில்லை, படங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்ப அதில் வழி இருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் இன்னும் 7-க்கு வந்துவிடவில்லை, அதனால் ஏற்றுமதி செய்ததும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும், தொடங்க அது போதும்.

இனி பகிர்வது. ஐந்நூறு பேர் உள்ள மரத்தைப் பிடிஎஃப்பாக்கிக் குடும்பக் குழுவில் போட்டால் என்ன நடக்கும்? நாலு கட்டைவிரல், இரண்டு கும்பிடு, அத்தோடு சரி. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். மரத்தை யாரும் படிப்பதில்லை, அவரவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், அதிலும் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால் அதைப் பற்றி மட்டும் பேச்சு ஓடும். துண்டு துண்டாகக் கொடுங்கள். ஒரு ஃபோட்டோ, ஒரு கடிதம், ஒரு கேள்வி.

நிறையப் பேர் நிற்கும் கல்யாண ஃபோட்டோ ஒன்று இருந்தால் அதை வைத்து ஒரு விஷயம் செய்து பாருங்கள். ஃபோட்டோவின் மேல் மெல்லிய தாளை வைத்து, அல்லது கம்ப்யூட்டரிலேயே, ஒவ்வொருவரின் உருவத்தையும் வெறும் கோடாக வரைந்து உள்ளே 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஃபோட்டோவையும் கோட்டுப் படத்தையும் சேர்த்துப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் வீட்டில் குரல் பெரிதாக உள்ளவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தனியாகக் கேட்டால் இப்படி வரும்:

"அத்தை, இந்த ஓரத்துல தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"அதுவா, உங்க அப்பாவோட சின்னத் தம்பிடா. இரு இரு, அவன் அப்போ பொறக்கவே இல்லையே. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் எடு."

இந்த "அப்போ பொறக்கவே இல்லையே"தான் நமக்கு வேண்டியது. ஃபோட்டோ எடுத்த வருடத்துக்கு ஒரு எல்லை கிடைத்துவிட்டது. அவர் சொன்னதை, சந்தேகப்பட்டதையும் சேர்த்து, யார் எந்தத் தேதியில் சொன்னது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் குரலைப் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டு, தொடக்கத்தில் அன்றைய தேதியையும் பேசுகிறவர் பெயரையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஃபைலின் பெயர் எங்கே மாறினாலும் அது உள்ளேயே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் அளவைச் சுருக்கிவிடும், படத்தின் ஃபைலுக்குள் நீங்கள் சேர்த்து வைத்த குறிப்புகளும் போய்விடும். சுருங்கிய படம்தான் பிறகு குடும்பம் முழுக்கச் சுற்றும், கடைசியில் அதுவே அசல் என்றாகிவிடும்.

எதைப் பகிரக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இவற்றைப் பொதுவெளியில் வைக்காதீர்கள். வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பது இதையெல்லாம்தான். வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளம், இறப்புத் தகவல் இல்லாதவர் பிறந்து 110 வருடம் ஆகாத வரை அவர் உயிரோடிருப்பதாகவே எடுத்துக்கொண்டு மறைத்து வைக்கிறது. அந்தக் கணக்கை நாமும் பின்பற்றலாம். ரகசியங்கள் வேறு விஷயம். தத்து, சொல்லாமல் விட்ட முதல் கல்யாணம், சிறைக்குப் போன ஒருவர், இதெல்லாம் தேடினால் வரும், வராமல் இருக்காது. பதிவில் எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள். ஆனால் அதனால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் உயிரோடு இருந்தால் குழுவில் போடாமல், அவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனைக்கு எச்சில் கொடுப்பது நம் சொந்த விஷயம் மாதிரித் தெரியும், அப்படி இல்லை. 2018-இல் கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகள் பிடிபடாத ஒரு தொடர் கொலைகாரனைப் போலீஸ் பிடித்தது, ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஏற்றி வைத்திருந்த மரபணுத் தகவலை வைத்துத்தான். அந்தக் கதையில் நல்லதே நடந்தது, ஆனால் நாம் கொடுப்பது நம்மைப் பற்றிய தகவல் மட்டுமில்லை என்பது அதில் தெளிவு. 2023-இல் டிஎன்ஏ பரிசோதனை செய்து தரும் 23அண்ட்மி நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், சொந்தக்காரர்களைக் காட்டும் வசதி வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இணையத்தில் மரம் வைப்பதில் இரண்டு வகை. விக்கிட்ரீ, ஃபேமிலிசர்ச் போன்றவற்றில் உலகத்துக்கே ஒரு மரம், உங்கள் கொள்ளுப்பாட்டியின் பக்கத்தை யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் திருத்தலாம். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தத் தூரத்துச் சொந்தத்தின் வீட்டில்தான் நீங்கள் தேடும் ஃபோட்டோ இருக்கும். தனி மரம் வைக்கும் தளங்களில் யாரும் கை வைக்க மாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். எனக்கு முதல் வகை பிடிக்கும், அசல் மட்டும் என் கம்ப்யூட்டரில். தளத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால், குடும்பங்கள் படமும் கதையும் ஏற்றி வைத்திருந்த மைஃபேமிலி தளத்தை ஆன்செஸ்ட்ரி நிறுவனம் 2014-இல் மூடிவிட்டது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில் என்று பேக்கப்புக்கு ஒரு பழைய விதி உண்டு. அந்த வேறு வீடு சொந்தக்காரர் வீடாக இருந்தால் பேக்கப்பும் பகிர்வும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் முடிந்துவிடும்.

அசல் காகிதங்களை ஏதாவது ஒரு காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுக்க நினைத்தால் முன்கூட்டியே கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கடிதமும் நாட்குறிப்பும் கணக்கேடும்தான், நாம் ஆசையாகச் சட்டம் போட்ட மர வரைபடம் இல்லை. வீட்டுக்குள் யாருக்குக் கொடுப்பது என்றால், சொந்தப் பிள்ளைக்குத்தான் என்று கட்டாயமில்லை. கல்யாண வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற அண்ணன் மகளோ, ஒன்றுவிட்ட தம்பியோ யாராவது ஒருவர் இருப்பார். அவருக்கு இப்போதே ஒரு பிரதி கொடுத்து, திருத்தவும் அனுமதி கொடுத்துவிடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு பிரதியிலும் தேதி போடுங்கள், எது புதியது என்று பிறகு சண்டை வராது. லேப்டாப் பாஸ்வேர்டை யாரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.